மீன் பெட்டியில் பதினொரு முட்டை

எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. பிறவியிலேயே அப்படி. பள்ளிக்கூடத்தில் நான் குசுகுசுத்தது பக்கத்து வகுப்பு டீச்சருக்கும் கேட்டு, இரண்டு வகுப்பிலும் அடி வாங்கியிருக்கிறேன். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் காதோடு காதாக, "பொண்ணு கொஞ்சம் சத்தமாப் பேசுது" என்றாராம். அந்தக் குடும்பத்தில் எல்லோருமே காதோடு காதாகத்தான் பேசுவார்கள். என் வீட்டுக்காரர் அவர்களிலும் மெதுவானவர். அரசாங்க அலுவலகமொன்றில் கிளார்க். கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை, "கொஞ்சம் மெதுவாப் பேசு, பாலத்துல போற பஸ்காரனுக்கும் கேக்கும்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருக்கிறார். எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டையில், மகாவலிப் பாலத்திலிருந்து மேலே ஏறும் ஒரு சந்தில் இருக்கிறது. பாலத்துக்கு நடந்தே ஐந்து நிமிடம் ஆகும். அதனால் அவர் சொல்வது பொய்தான், ஆனால் பெரிய பொய் இல்லை.

கண்டி டவுனில் ஒரு மின்சாமான் கடையில் பதினெட்டு வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். வயர், சுவிட்ச், பிரேக்கர் எல்லாம் எனக்கு அத்துப்படி. வீடு முழுக்க வயர் இழுக்கிற எலக்ட்ரிக் பாஸ்மார் கூட, எந்தத் தடிப்பில் வயர் வேண்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வெட்டச் சொல்வார்கள். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டியதற்குப் பெருமைப்படாமல் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அந்தப் பெருமையில்தான் குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒன்றைச் செய்தேன். கடைகளில் முட்டை கிடைக்காமல் சனங்கள் அலைந்த காலம் அது. மார்க்கெட்டில் மீன்காரர் தூக்கிப்போட இருந்த, தெர்மகோல் மாதிரி வெள்ளையான ரெஜிபோம் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, தேசிக்காய்த் தோலும் சவர்க்காரமும் போட்டு மூன்று நாள் கழுவினேன். அப்படியும் மூடியைத் திறந்தால் லேசாக ஒரு மீன் வாடை வரும். உள்ளே சூட்டுக்கு ஒரு பல்ப் வேண்டும். இப்போது வருகிற எல்.இ.டி. பல்புகள் வெளிச்சம்தான் தரும், சூடு தராது. எங்கள் கடைப் பரணில் தூசு பிடித்துக் கிடந்த பழைய கம்பி பல்புகளில் நான்கைத் தேடி எடுத்தேன். சூடு ஏறினால் பல்பை அணைத்து, இறங்கினால் ஏற்றிவிடும் ஒரு சின்னக் கருவியையும் பொருத்தினேன். ஒரு பழைய தயிர்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தேன், காற்று காய்ந்துபோகாமல் இருப்பதற்கு. கருவியில் எண் முப்பத்தேழரை டிகிரியில் நின்றது. என் வீட்டுக்காரர் இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தார். அவருக்குக் கரண்ட் என்றாலே பயம். எங்கள் வீட்டில் பல்ப் மாற்றுவதும் நான்தான்.

முதல் முறை, கடையில் வாங்கிய முட்டை பன்னிரண்டை வைத்தேன். இருபத்தொரு நாள், ஒரு நாளைக்கு மூன்று முறை திருப்பிப் போட்டேன். இருபத்திரண்டாம் நாள் பக்கத்து வீட்டு ராத்தா வந்து பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பண்ணைக் கோழி சேவலின் முகத்தையே பார்த்ததில்லை என்பதும், அந்த முட்டையை மூன்று வருடம் வைத்தாலும் குஞ்சு வராது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்று மாலைக்குள் சந்து முழுக்கச் சிரித்தது. நான் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, யார் கேட்டாலும் அது டெஸ்டுக்குப் போட்டது என்று சொல்லிவிட்டேன்.

ராத்தா என்றால் அக்கா. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் கொழும்பில். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவரிடம் இருக்கும், அவர் வீட்டுச் சாவி என்னிடம். அவருடைய உம்மா மௌத்தான பிறகு மடவளை வீட்டை விற்றுப் பங்கு பிரித்தார்கள். அந்த வீட்டிலிருந்து அவர் எடுத்து வந்தது இரண்டே இரண்டு: ஒரு பிரம்புக் கதிரை, ஒரு ஊர்க்கோழி. சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்டு, தலையில் ஒரு குஞ்சத்தோடு இருக்கும். உம்மா வீட்டு முற்றத்தில் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த கோழிகளின் கடைசிப் பேத்தி அது. ராத்தா அதனோடு பேசிக்கொண்டே வாசல் கூட்டுவார். சில நாள் நான் என்னோடுதான் பேசுகிறாராக்கும் என்று பதில் சொல்லிவிடுவேன்.

அந்த ஐப்பசியில் கோழி அடைக்கு உட்கார்ந்தது. குசினிப் பக்கத்துத் தாழ்வாரத்தில், இடுப்பு உயரத் தட்டில், ஒரு பழைய கூடைக்குள் பதினொரு முட்டை. அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்கும். அவசர அவசரமாகத் தின்னும், தண்ணீர் குடிக்கும், கால் மணி நேரத்தில் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறாம் நாள் காலை அப்படி இறங்கிய நேரத்தில், திறந்து கிடந்த கேற்றால் ஒரு தெருநாய் புகுந்துவிட்டது. ராத்தாவின் கூச்சல் கேட்டு நான் அடுப்பில் கிளறிக்கொண்டிருந்த சட்டகப்பையோடு ஓடினேன். முற்றத்தில் இறகுகள்தான் கிடந்தன.

ராத்தா அழவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் நின்று, கூடைக்குள் கையை வைத்துக்கொண்டிருந்தார். "இன்னும் சூடா ஈக்குது தங்கச்சி" என்றார். "இதுகளும் போயிரும். இந்தச் சந்துல வேற அடைக்கோழி எங்க ஈக்குது?"

அப்போதுதான் என் வாய் திறந்தது. "குடுங்க ராத்தா. நான் பொரிச்சுத் தாறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பன்னிரண்டு பண்ணை முட்டைகள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றன.

"குஞ்சோடதான் இந்தக் கூடையத் திருப்பித் தருவேன். இல்லாட்டி நான் கரண்டுக் கடையில நிக்கிறேன்னு வெளிய சொல்ல மாட்டேன்" என்றேன். என் வீட்டுக்காரர் கேற்றடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு என் வாயைத் தெரியும்.

பெட்டி சூடாக இருபது நிமிடம் பிடித்தது. அதுவரை முட்டைகளை என் பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி மாதிரி புள்ளடி, மறுபக்கம் வட்டம் போட்டேன். வேலைக்குப் போகுமுன் புள்ளடி மேலே, வந்தவுடன் வட்டம் மேலே, படுக்குமுன் மறுபடி புள்ளடி, மறுநாள் வட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். பதினொன்றையும் அடுக்கி மூடப்போகும்போது ராத்தா ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே ஒரு மூன்றங்குல இரும்பாணியும் ஒரு கரித்துண்டும்.

"இடி முட்டைய அழிச்சிரும். ஆணி வெச்சா ஒண்டும் செய்யாது. எங்கட உம்மா வெக்காம விட்டதே இல்ல."

என் அம்மாவும்தான் வைப்பார். ஆனால் நான் இப்போது மின்சாமான் கடைக்காரி. இடிச் சத்தம் முட்டையை ஒன்றும் செய்யாது என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார், ஆனால் கையை மட்டும் நீட்டியபடியே இருந்தார். கடைசியில் வயரில் படாமல் ஒரு மூலையில் ஆணியை வைத்தேன். கரியையும் வைத்தேன்.

இடியைப் பற்றி எனக்கு வேறு ஒரு பயம் இருந்தது. இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேகம் கறுத்து ஒரு உறுமல் கேட்டால் போதும், டீவி வயர், பிரிட்ஜ் வயர், போன் சார்ஜர் எல்லாவற்றையும் சுவரிலிருந்து பிடுங்குவோம். கடைசியாக ட்ரிப் சுவிட்சையும் கீழே தள்ளிவிட்டு, இடி ஓயும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்போம். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே அது என் பொறுப்பு. இடி இடித்தால் என் கை என்னைக் கேட்காமலே பிளக்கைத் தேடிப் போகும். எனவே பெட்டியின் பிளக்கைச் சிவப்பு டேப்பால் சுற்றினேன். ஒரு காட்போட் துண்டில் "தொடாதே" என்று பெரிதாக எழுதி அதில் தொங்கவிட்டேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இடி இடிச்சாலும் சரி, வானமே இடிஞ்சு விழுந்தாலும் சரி, இந்தப் பிளக்குல கை வைக்கக் கூடாது, ட்ரிப் சுவிட்சையும் தொடக் கூடாது" என்று மூன்று தடவை சொன்னேன். வாழ்க்கையில் ஒரு பிளக்கையும் தொட்டிராத அந்த மனுசன், சரி என்றார்.

ஒன்பதாம் நாள் மாலை, ஜன்னல்களைச் சாத்தி, ராத்தாவை உள்ளே கூப்பிட்டு, போன் டோர்ச்சின் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துக் காட்டினேன். இரண்டு வெறுமையாக இருந்தன. மற்ற ஒன்பதிலும் சிவப்பு நரம்புகள் ஓடின, நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு துள்ளியது. ராத்தா முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நான் போட்ட வயர், நான் கழுவிய மீன் பெட்டி, அதற்குள் ஒன்பது உயிர். மறுநாள் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். பல்ப் வாங்க வந்த ஒரு ஐயா, குஞ்சு படத்தைக் காட்டச் சொன்னார். இன்னும் முட்டைதான் என்று முட்டைப் படத்தைக் காட்டினேன்.

பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தெல்தோட்டையில் என் வீட்டுக்காரரின் அக்கா மகளுக்குச் சடங்கு. அன்றோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்த வேண்டும். குஞ்சு உள்ளே தலையைச் சரியான பக்கம் வைத்துப் படுத்துக்கொள்ளும் நாள் அது. காலையில் கடைசித் தடவையாகத் திருப்பி, தயிர்ச் சட்டியில் தண்ணீர் நிறைத்து மூடினேன். பிறகு பட்டுச் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது, வழக்கமாக மூன்று மணிக்கு மேல் வரும் இடி, அன்று பதினொன்றரைக்கே மலைப் பக்கமிருந்து உறுமியது. பஸ்ஸுக்கு நேரமாகிறது. குடையைத் தேடினேன், மொய்க் கவரைத் தேடினேன், வீட்டுக்காரரை அதட்டினேன், கதவைப் பூட்டி இறங்கினேன்.

தெல்தோட்டையில் பந்திக்கு முன்னால் பெண்கள் கூடி உட்கார்ந்திருந்தோம். யாரோ கோழிப் பேச்சை எடுத்தார்கள். விடுவேனா? பெட்டி செய்த கதை, பல்ப் தேடிய கதை, ஒன்பது உயிர் துள்ளிய கதை எல்லாவற்றையும் கூடாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "இன்னும் மூணே நாள். இடி மழை வந்தாலும் எங்க வீட்டுல மத்த எல்லாப் பிளக்கையும் கழட்டுவேன், அத மட்டும்..." என்று சொல்லிவந்தவள் அங்கேயே நிறுத்தினேன். கையில் பாதி வடை. என் விரல்களுக்கு அந்தச் சிவப்பு டேப்பின் வழுவழுப்பு தெரிந்தது. காலையில் அதைத் தொட்டிருக்கிறேன். டீவி, பிரிட்ஜ், சார்ஜர், அதற்கடுத்து அது. பிறகு ட்ரிப் சுவிட்ச். "தொடாதே" அட்டையை விலக்கிவிட்டுத்தான் பிடுங்கியிருக்கிறேன்.

வீட்டுக்காரரை ஓரமாக இழுத்துச் சொன்னேன். அப்போது மணி இரண்டு. அவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ராத்தாவுக்கு ஒரு கோல் எடு. சாவி அவங்ககிட்ட தானே இருக்கு. சுவிட்சப் போடச் சொல்லு."

எவ்வளவு சுலபம். போனை எடுத்தேன். ராத்தாவின் நம்பரும் வந்தது. ஆனால் என்ன சொல்வேன்? உங்கள் உம்மா வீட்டுக் கோழியின் முட்டைகளை, ஊரையெல்லாம் தொடாதே என்று மிரட்டிய நானே அணைத்துவிட்டு வந்து, பட்டுச் சேலையில் உட்கார்ந்து வடை தின்கிறேன் என்றா? பண்ணை முட்டைக்கு அவர் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. இந்த முறை அவர் சிரிக்கவும் மாட்டார், அதுதான் இன்னும் மோசம். போனைப் பைக்குள் போட்டேன். "வேணாம், நாமளே போயிடலாம்" என்றேன். இந்தக் கதையில் நான் பெருமைப்படாத இடம் இது. பிளக்கைப் பிடுங்கியது பழக்கம், அதற்கு என்னை மன்னித்துவிட்டேன். அந்தக் கோலை எடுக்காமல் விட்டது என் திமிர்.

சாப்பிடாமல் கிளம்பினோம். மழையில் பஸ் கலஹா வளைவுகளில் ஊர்ந்தது. பேராதெனியவில் நெரிசல். கண்டியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஓடினோம். என் வீட்டுக்காரர் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் வழியெல்லாம் பேசாமல் வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. ஆறு மணித்தியாலம். அந்தக் கோலை எடுத்திருந்தால் இரண்டரை மணித்தியாலம்தான்.

பெட்டிக்குள் இருட்டு. முட்டைகளைத் தொட்டேன், ஆற்றுக் கல்லைப் போல இருந்தன. ட்ரிப் சுவிட்சை ஏற்றிப் பிளக்கைக் குத்தினேன், பல்ப் எரிந்தது, எண் இருபத்தெட்டு என்றது. எண் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு குசினித் தரையில் சேலையோடு உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. எனக்கு எல்லாமே கோபமாகத்தான் வரும். "ஏய், கேக்குதா? சாகுற வேலையெல்லாம் வச்சுக்காதீங்க. நான் வாக்குக் குடுத்திருக்கேன். எந்திரிங்க எல்லாரும்!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் "மெதுவா" என்றார். பிறகு, "சரி, பேசு" என்றார்.

அடுத்த மூன்று நாளும் அப்படித்தான். பெட்டியைத் திறக்கக் கூடாது, திருப்பக் கூடாது. செய்வதற்கு ஒன்றுமில்லை, திட்டுவதைத் தவிர. சமைக்கும்போது திட்டினேன், பாத்திரம் கழுவும்போது திட்டினேன், வேலைக்குப் போகுமுன் குனிந்து ஒரு சுற்று, வந்து ஒரு சுற்று. கடையில் வந்துபோன மோசமான கஸ்டமர்களைப் பற்றியெல்லாம் அந்த முட்டைகளுக்குத் தெரியும்.

புதன்கிழமை இருபத்தொன்று. லீவு போட்டேன். ஒன்றும் இல்லை. ராத்தா காலையிலும் மாலையிலும் வந்து கண்ணாடி வைத்த சின்ன ஓட்டையால் பார்த்துவிட்டுப் போனார். "இன்னம் நேரம் ஈக்குது தங்கச்சி" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் என்னைச் சுட்டது. அவர் போன பிறகு வீட்டுக்காரர், "அவங்ககிட்ட சொல்லிடு" என்றார். "பொரியட்டும், சொல்றேன்" என்றேன். "பொரியாட்டியும் சொல்லணும்" என்றார்.

வியாழனும் லீவு. அன்று மத்தியானம் அவர் அரைநாள் போட்டுவிட்டு வந்தார், குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு. இந்த வருடத்தில் அது மூன்றாவது குடை. நான் குசினி நடுவில் நின்று முழுத் தொண்டையில் ஆரம்பித்தேன். "உங்களுக்குக் குடை எதுக்கு? பேசாம வாழையிலையப் புடிச்சிக்கிட்டு..."

கீச்.

நான் பேச்சை நிறுத்தினேன். நான் மறுபடி, பாதிக் குரலில், "வாழையிலை" என்றேன். கீச், கீச். பெட்டிக்குள்ளிருந்து, ஓட்டுக்கு உள்ளேயிருந்து. இன்னும் உடையாத முட்டை எனக்குப் பதில் சொல்கிறது. என் வீட்டுக்காரர் நனைந்த சட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் திட்டு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் ஓடு விரிசல் விட்டது. மிளகு அளவில் ஒரு ஓட்டை, அதில் ஒரு மூக்கு நுனி. பிறகு மணிக்கணக்கில் ஒன்றும் இல்லை. என் கை அரித்தது. ஓட்டைக் கொஞ்சம் உரித்துவிட்டால் என்ன என்று இருந்தது. அப்படி உரித்தால் ரத்தம் போய்ச் செத்துவிடும் என்று தெரியும், அதனால் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளிவாசலில் ஜும்ஆ பாங்கு சொல்லும் நேரத்தில் அது உள்ளுக்குள் சுற்ற ஆரம்பித்தது. ஓட்டைச் சுற்றி வட்டமாகக் கொத்தி, ஒரு உதை, ஒரு ஓய்வு, மறுபடி ஒரு உதை. நனைந்து, அசிங்கமாக, பிழிந்து போட்ட துணித் துண்டைப் போல வெளியே விழுந்தது. இதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. சுவருக்கு மேலால் நான் போட்ட சத்தத்துக்கு ராத்தா தொழுகை உடுப்போடு ஓடி வந்தார்.

இருட்டுவதற்குள் ஐந்து. மற்ற நான்கும் வரவில்லை. சனிக்கிழமை காலை ஐந்தும் காய்ந்து, பஞ்சாகி, பெட்டிக்குள் இரும்பாணியைக் கொத்திக்கொண்டிருந்தன. இரண்டு சாம்பல் நிறம். ஒன்றுக்குத் தலையில் ஒரு சின்ன முடிச்சு, உம்மா வீட்டுக் குஞ்சம் வருகிற இடம். சொன்னபடி அதே கூடையில், குஞ்சோடு, சுவரைச் சுற்றிப் போய் ராத்தாவின் கையில் கொடுத்தேன். அவர் அந்தக் குஞ்சத்துக் குஞ்சைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார். கோழி செத்த அன்று அழாதவர்.

அங்கேயே சொன்னேன். பிளக்கைப் பிடுங்கியது, தெல்தோட்டை, இரண்டு மணிக்குப் போனைக் கையில் எடுத்தது, எடுக்காமல் விட்டது, ஆறு மணித்தியாலம், வராத நாலு முட்டை. எல்லாவற்றையும் மெதுவான குரலில் சொன்னேன். எனக்கு அப்படிப் பேசத் தெரியும் என்பதே எனக்குப் புதிது.

ராத்தா குஞ்சைக் கன்னத்திலிருந்து இறக்கிக் கூடையில் விட்டார். "சாவி எங்கிட்ட தானே இருந்திச்சு" என்றார். அவ்வளவுதான். பிறகு, "பரவாயில்ல, ஆணி ஈந்திச்சு தானே. அதான் அஞ்சாச்சும் தப்பிச்சிச்சு" என்றார்.

ஆணி! பதினேழு நாள் உயிரைக் கொடுத்தது நான், பேர் வாங்கியது ஆணி. வேறொரு நாளாக இருந்தால் அரை மணி நேரம் விளக்கியிருப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு நான்கு நாள் ராத்தா சுவர்ப் பக்கம் வரவில்லை. சந்தில் கண்டால் சிரித்தார், ஆனால் நின்று பேசவில்லை. எனக்கு அந்தச் சாவி என்கிற ஒரு வார்த்தை சோற்றில் கல்லாக இருந்தது.

புதன்கிழமை நான் வேலை விட்டு வரும்போது வானம் கறுத்துக் கிடந்தது. ராத்தாவின் முற்றத்தில் அவருடைய குரல் பதறிக் கேட்டது. "பா, பா, பா... வாங்க வாப்பா, வாங்க." குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் வெயிலுக்கு விட்டிருக்கிறார். முதல் இடி விழுந்ததும் ஐந்தும் சிதறி, பூச்சட்டிகளுக்கும் வாழைகளுக்கும் நடுவில் ஒளிந்துவிட்டன. மழை பெரிய பெரிய துளியாக விழத் தொடங்கியிருந்தது. மதிலில் ஒரு காகம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அரிசிக் குறுணையைத் தூவித் தூவி ராத்தா கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை.

எதற்குக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் எங்கள் கேற்றைப் பார்த்தேன். திறந்து கிடந்தது. நாய் புகுந்து கோழியைக் கொன்று மாதம் ஒன்றாகவில்லை. எனக்கு முன்பே வந்திருந்த என் வீட்டுக்காரர் அதை மூடவில்லை. அந்த இடத்திலேயே ஆரம்பித்தேன். "கேற்ற மூடத் தெரியாதா? கை என்ன கழண்டா போச்சு? எத்தன தடவ சொல்றது..."

சுவருக்கடியில் தண்ணீர் போகிற ஓட்டை ஒன்று இருக்கிறது. அதற்குள்ளிருந்து ஒரு சாம்பல் தலை வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஐந்தும் ஒன்றன் பின் ஒன்றாகச் சேற்றில் உருண்டு, கீச்சென்று கத்திக்கொண்டு, நேராக என் செருப்பை நோக்கி ஓடிவந்தன. குஞ்சத்துக் குஞ்சு என் சேலைக் கரைக்குள் புகுந்துகொண்டது. நான் திட்டை நிறுத்தினேன். அவை நின்று சுற்றுமுற்றும் பார்த்தன. "வாங்கடி இங்க, மழையில என்ன ஊர்வலம்?" என்று அதட்டினேன். மறுபடி ஓடிவந்தன.

சுவருக்கு மேல் ராத்தாவின் முகம் தெரிந்தது. மழை முக்காட்டில் வழிந்துகொண்டிருந்தது. என் காலடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பண்ணை முட்டைக்குச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

"நான் நாலு நாளா அரிசியும் போட்டுக் கொஞ்சிக் கொஞ்சிக் கூப்புடுறேன். இதுகளுக்கு உங்கட ஏச்சுத்தான் உம்மாட சத்தம்" என்றார். "இடி வருது. ஏசிக்கிட்டே இங்கால வாங்க தங்கச்சி, கூட்டுல போடுவம்."

ஏசிக்கொண்டே போனேன். கேற்றை, குடையை, கலஹா பஸ்ஸை, என் கையை, என் திமிரை, எல்லாவற்றையும் சந்து முழுக்கக் கேட்க ஏசிக்கொண்டு, சுவரைச் சுற்றி அவர் முற்றத்துக்கு நடந்தேன். ஐந்தும் வரிசையாகப் பின்னால் வந்தன.

இப்போது அவை வளர்ந்துவிட்டன. இரண்டு பெட்டை முட்டையிடுகின்றன. சாம்பல் நிறத்துக்குக் குஞ்சம் நன்றாக முளைத்துவிட்டது. ஆணியை ராத்தா எடுத்து வைத்திருக்கிறார், அடுத்த அடைக்கு. மேகம் கறுக்கும் நாட்களில் நான் வீட்டில் இருந்தால், பிளக்குகளைப் பிடுங்கி முடிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "தங்கச்சி, கொஞ்சம் கத்துங்க." என் வீட்டுக்காரர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிடுவார், சத்தம் நன்றாகப் போகட்டும் என்று.